பாப்பா இன்னும் தூங்கல

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் போர்டு அக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பெரிய டாக்டரிலிருந்து பிணவறைக் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் போர்டு அக்காதான்.

மருந்துக் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, அதன்மேல் டெலிபோன் போர்டு. வரிசை வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. பச்சை எரிந்தால் வெளியிலிருந்து அழைப்பு. மஞ்சள் எரிந்தால் உள்ளேயிருந்து. சிவப்பு எரிந்தால் பிரசவ அறை, ஆபரேஷன் அறை, அவசர அறை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். அந்த நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

முப்பத்தோரு வருடமாக அதில் உட்கார்ந்தவளுக்கு ஒரு பழக்கம். யார் என்ன சேதி சொன்னாலும், "திருப்பிச் சொல்றேன், சரியா பாருங்க" என்று ஆரம்பித்து வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பாள். பிறகு அவர்களையும் ஒருமுறை சொல்லவைப்பாள். புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவள் காது அப்படிப்பட்ட காது.

அந்தக் காது ஒரே ஒரு வாக்கியத்தைத் தப்பாக வாங்கிக்கொண்டது. ஒன்பது வருடம் அந்தத் தப்பு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு.

அன்று ஒன்பது மணிக்கே தம்பி போன் பண்ணியிருந்தான். ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் செய்கிற வெல்டிங் பட்டறை அவனுடையது. பின்னால் இரும்பு அறுபடும் சத்தம்.

"அக்கா, வாயை அடைச்சாச்சு."

"யாரு வாயை?"

"உன் வாயை அடைக்க உலகத்துல ஆள் இருக்கா? துப்பாக்கி வாயைச் சொன்னேன். ரெண்டு குழல்லயும் இரும்புத் துண்டு வச்சு வெல்டு பண்ணிட்டேன். இனிமே பின்பக்கம்தான் பாக்கி. திறக்கவே மாட்டேங்குது, அப்படித் துரு. கைவேலை ஒண்ணு இருக்கு, அதை முடிச்சுட்டுக் கொஞ்சம் சூடு காட்டினா விட்டுடும். நாலு மணிக்கு ஸ்டேஷன்ல காட்டிட்டா அப்பா துப்பாக்கி அப்பா வீட்டுலயே இருக்கும். உனக்குத்தான் வயித்தெரிச்சல்."

"எனக்கு என்னடா வயித்தெரிச்சல்? கொண்டுபோய் ஒப்படைச்சுடுன்னு சொன்னேன். இரும்பைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழறே?"

"நீ பேசுவே. உனக்கு வார்த்தை கிடைச்சுது. எனக்கு இரும்புதான் கிடைச்சுது." டக்கென்று வைத்துவிட்டான்.

அந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பழைய வேட்டைத் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்கள் அவற்றை ஒப்படைக்க வேண்டும், அல்லது இனி சுடவே முடியாதபடி முன்னும் பின்னும் அடைத்துக் காட்டிவிட்டு நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. இந்த வெள்ளி மாலை நான்கு மணி கெடு.

துப்பாக்கி தாத்தா வாங்கியது. இரட்டைக் குழல். தாத்தா அதோடு மரத்திலிருந்து விழுந்தபோது துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் விரிசல் விட, செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார். கன்னம் பதிகிற இடத்தில் மரம் கறுத்து, சோப்பைப் போல வழவழப்பாகியிருக்கும். முதலில் தாத்தாவின் கன்னம், பிறகு அப்பாவின் கன்னம். மூக்கை வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் அப்பாவின் தலை எண்ணெய் வாசம் வருகிறது என்பான் தம்பி. வருகிறதோ இல்லையோ, அவனுக்கு வந்தது.

அப்பா ஒரு பெரிய தோட்டத்தில் காவலர். பயிரைக் கிளறும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதும் சுடுவதும் வேலை. துப்பாக்கியை மகன் தொடவே கூடாது என்பது அவர் சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. ஏழு வயதில் தம்பி அதைத் தூக்க முடியாமல் தூக்கி, தலை வாரிக்கொண்டிருந்த அக்காவைக் குறிபார்த்து "டுமீல்" என்றான். காலித் துப்பாக்கி. குண்டோடு அதை வீட்டு வாசலுக்குள் அப்பா கொண்டுவந்ததே கிடையாது. ஆனாலும் அன்றைக்கு இடுப்பு பெல்ட் அறுந்துபோகும்வரை அடித்தார். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடக்கூட மகனைக் கூப்பிடவில்லை. ஐம்பது வயதாகியும் தம்பி அதை ஆசை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்ததற்கு அந்த அடிதான் காரணம்.

அக்காவின் கதை வேறு. அவள் அப்பாவுக்குப் பாப்பா. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பாப்பா. "பாப்பா டூட்டிக்குக் கிளம்பிட்டாளா, பாப்பா குடை எடுத்தாளா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். அவளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, இந்த வேலையை விட்டுவிட வேண்டும், ராத்திரி டூட்டி பார்க்கிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்பா தலையாட்டினார். அவள் எல்லோர் முன்னாலும், "வேலையை விட மாட்டேன்" என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அன்றைக்குப் பாப்பா என்ற சொல் அந்த வீட்டில் செத்தது. அப்பா அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். "அவகிட்ட சொல்லு", "அவளைச் சாப்பிடச் சொல்லு". நடுவில் அம்மா. ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவளுக்குச் சொந்த அப்பாவிடம் பேச அம்மாவின் வழியாகத்தான் இணைப்பு. இருபது வருடம்! வேறு கல்யாணமும் அமையவில்லை. அமைய விடவும் இல்லை அவள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பன்றி அதிகமாகிவிட்டது என்று தோட்டத்திலிருந்து கூப்பிட்டால் அப்பா துப்பாக்கியோடு கிளம்பிவிடுவார். அப்படிப் போன ஒரு விடியற்காலையில், காவலுக்கு நின்ற இடத்திலேயே பக்கவாதம் வந்து சாய்ந்தார். கூடவே இருந்த ஜீப் டிரைவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு அவர் ஜீப் மாமா. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே அப்பாவைச் சேர்த்தார்கள். பதினொரு நாள் கிடந்தார். தூக்கிக் குளிப்பாட்டியதும், அள்ளிப் போட்டதும், கால் பிடித்துவிட்டதும் தம்பி. அவள் டூட்டிக்கு நடுவே மாடிக்கு ஓடி ஓடி வருவாள். கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிடுவாள். அவர் கண்ணைத் திறந்தால் இவள் சுவரைப் பார்ப்பாள்.

கடைசி நாள் சாயங்காலம் அவள் வார்டு வாசலில் நுழைகிறாள். மூன்று டூட்டி சேர்ந்தாற்போல் பார்த்துக் கண் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. அப்பாவின் தலையைத் தம்பி மடியில் வைத்திருக்கிறான். அப்பாவின் நல்ல கை தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பதினொரு நாளாக வராத பேச்சு, குழறிக் குழறி வந்தது.

"பாப்பா... இன்னும் தூங்கல... பாத்து..."

அவ்வளவுதான்.

அவள் அங்கேயே, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருடத்துக்குப் பிறகு பாப்பா! சாகிற நேரத்திலும் தன் சிவந்த கண்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாக்கியம் அவளுடைய நகை, சொத்து, வீடு, வாசல். பார்க்காத முகங்களின் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தனியாகத் தட்டைக் கழுவும்போது, அதை ஒருதரம் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். பாரம் இறங்கிவிடும். 'அவளைப் பார்த்துக்கொள்' என்று தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதாகத் தம்பியும் எடுத்துக்கொண்டான். முணுமுணுத்துக்கொண்டே ஞாயிறு தவறாமல் வந்தான். குழாய் ஒழுகினால் மாற்றினான், தாழ்ப்பாள் ஆடினால் இறுக்கினான். மலம் அள்ளியது நான், பேர் சொன்னது அவளை என்ற முள் மட்டும் அவனுக்குள் ஆழத்தில் கிடந்தது.

பதினொன்றேகால். பச்சை விளக்கு.

"வணக்கம், மருத்துவமனை."

"கண் டாக்டர் திங்கக்கிழமை இருப்பாராம்மா? என் பேரு சொன்னா... அட, இந்தக் குரல்! நீயா?"

"ஜீப் மாமா!" முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. அப்பா போன பிறகு மாமா தன் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். "எப்ப வந்தீங்க? கண்ணுக்கு என்ன?"

"பொரை. உங்க அப்பன் இருந்தா சொல்லுவான், நீ எப்பவும் குருடன்தானேடா, இப்ப என்ன புதுசான்னு. சரி, பாப்பா எப்படி இருக்கு? தூங்குதா?"

"நல்லாத் தூங்கறேன் மாமா. இப்பெல்லாம் ராத்திரி டூட்டி கிடையாது."

மாமா சிரித்தார். "உன்னைக் கேக்கலம்மா. அந்தப் பாப்பாவை. உங்க அப்பன் துப்பாக்கியை."

அவள் கை பொத்தான்மேல் நின்றது. "துப்பாக்கிக்கு எதுக்கு மாமா என் பேரு?"

"காவல்ல நிக்கும்போது துப்பாக்கின்னு சொல்ல மாட்டோம்மா. குண்டுன்னும் சொல்ல மாட்டோம். பேர் வாய்க்கு வந்தா வேட்டை கைக்கு வராதுன்னு ஒரு பயம். பாப்பா முழிச்சிருக்குன்னா குண்டு போட்டிருக்கு. பாப்பா தூங்குதுன்னா காலி. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி 'பாப்பா தூங்கிடுச்சா'ன்னு நான் கேக்கணும், 'தூங்கிடுச்சு'ன்னு அவன் சொல்லணும். சொன்னாத்தான் ஜீப்பை எடுப்பேன். அன்னிக்கு ஒரு நாள்தான் கேக்காம எடுத்தேன்."

"என்னிக்கு மாமா?"

"அவன் விழுந்த அன்னிக்கு. ஒரு பன்னியைச் சுட்டான், ஓடிடுச்சு. அடுத்ததுக்கு நிக்கும்போதே சாஞ்சுட்டான். நான் அவனைப் பாப்பேனா, அதைப் பாப்பேனா? சாக்குல சுத்திப் போட்டுக்கிட்டு, வழியில உங்க வீட்டு வாசல்ல நிறுத்தி அண்ணி கையில குடுத்தேன். குடுக்கும்போது சொன்னேனே, 'அண்ணி, பாப்பா முழிச்சிருக்கு, ஜாக்கிரதை'ன்னு. அண்ணி என்னவோ, 'அவ டூட்டிக்குப் போயிட்டா, சாயங்காலம் வருவா'ன்னாங்க. அப்ப எனக்கு இருந்த பதட்டத்துல..."

"மாமா." முப்பத்தோரு வருடப் பழக்கம்தான் அவளைப் பேசவைத்தது. "திருப்பிச் சொல்றேன், சரியா பாருங்க. அன்னிக்கு வீட்டுக்குள்ள போன துப்பாக்கியில குண்டு இருந்துச்சு."

"ஒரு பக்கத்துல இருந்துச்சு. ஏம்மா, யாரும் எடுக்கலையா?"

அம்மா அதைச் சாக்கோடு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நான்கு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி பெட்டியைத் திறந்தான்.

"மாமா, தம்பி அதோட வாயை வெல்டு பண்ணி அடைச்சுட்டான். திறக்க வரலன்னு பின்னாடி கேஸ் வச்சு சூடு காட்டப் போறேன்னான்."

எதிர்முனையில் கிழவர் கத்தினார். "வாயை அடைச்சு, பின்னாடி தீ வைப்பானா? அது எங்கம்மா போகும்? குழல் பிளந்து அவன் மூஞ்சிக்குத்தான் வரும்! நிறுத்தும்மா! முதல்ல அவனை நிறுத்து!"

மாமாவின் அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருப்பில் போட்டாள். தம்பியின் செல்போன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குத் தெரியும், பட்டறையில் அவன் செல்போன் எங்கே இருக்கும் என்று. கழற்றி மாட்டிய சட்டைப் பையில், சுவரில் ஆணியில். இரும்பு அறுக்கும் சத்தத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே மணி.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிரசவ அறை.

ஒரு நொடி, ஒரே நொடி, அவள் விரல் நடுவில் தொங்கியது. பிறகு சிவப்பை அழுத்தினாள்.

"போர்டு அக்கா, குழந்தை குறுக்கே கிடக்கு, மயக்க மருந்து டாக்டரை உடனே பிடிங்க, வீட்டுல இருப்பார்!"

"பிரசவ அறைக்கு மயக்க மருந்து டாக்டர், உடனே, குழந்தை குறுக்கே. சரியா?"

"சரி அக்கா!"

டாக்டர் வீட்டு எண். நான்காவது மணியில் எடுத்தார். சொன்னாள். திருப்பிச் சொல்லவும் வைத்தாள். அந்த முப்பது நொடியில் தம்பி எத்தனை தடவை லைட்டரைத் தட்டியிருப்பான் என்று அவள் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

பட்டறைக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அதன் சுவரில், ஆள் உயர எழுத்தில், பச்சைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். 'என்னடா, வானத்துல போறவனுக்குமா பஞ்சர் ஒட்டறான்' என்று அவள் ஒருமுறை கேலி செய்திருக்கிறாள். அந்த எண் கண்ணை மூடியதும் சுவரோடு வந்து நின்றது.

"பஞ்சர் கடை. வண்டி எங்க நிக்குது?"

"அண்ணே, எதிர்ப் பட்டறைக்காரரோட அக்கா பேசறேன். ஓடிப்போய்க் கேஸை அணைக்கச் சொல்லுங்க."

"யாரு, கோபக்காரர் அக்காவா? அய்யோ, வேலையில இருக்கும்போது கூப்பிட்டா அவரு சுத்தியலை எடுத்துடுவாரும்மா. போன வாரம் தண்ணி கேக்கப் போய்..."

"அண்ணே! துப்பாக்கியில குண்டு இருக்கு. கேஸை அணை. திருப்பிச் சொல்லுங்க!"

"துப்பாக்கியில... அம்மாடி! குண்டு இருக்கு, கேஸை அணை!"

"போனோட ஓடுங்க!"

செருப்பு தடதடத்தது. ஒரு லாரி ஹாரன். பஞ்சர்காரர் லாரியை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அறுக்கும் சத்தம் இல்லை. அந்த நிம்மதி அரை நொடிகூட நிற்கவில்லை. அறுக்கும் வேலை முடிந்துவிட்டது என்றால் அடுத்த வேலை...

போனுக்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்டது. கேஸ் தீ எரியும் சத்தம்.

"ஏம்ப்பா, அணைப்பா! உங்க அக்கா!"

"தள்ளி நில்லுய்யா, கண்ணுல பட்டுடும்." தம்பியின் குரல். போன் அவன் காதுக்கு வந்த பிறகும் சீறல் நிற்கவில்லை. "என்னக்கா? கடைசி நேரத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டியா?"

"அணைடா. உள்ள குண்டு இருக்கு."

"யாரு சொன்னா?"

"ஜீப் மாமா."

"ஜீப் மாமா எங்கேருந்து வந்தாரு, பெட்டிக்குள்ளேருந்தா?" இந்த நிலையிலும் அவனுக்கு நக்கல். "அக்கா, நாலு மணிக்கு நான் போகக் கூடாது, அப்பா துப்பாக்கி ஸ்டேஷன்ல குப்பையோட கிடக்கணும், அதானே உனக்கு? அப்பா ஒரு நாளாவது குண்டோட வீட்டுக்குள்ள வந்திருக்காரா? அந்த அடி வாங்கினவன் நான். எனக்குத் தெரியும் அது காலின்னு."

"அவரு விழுந்த அன்னிக்கு மாமாதான்டா துப்பாக்கியை வீட்டுல குடுத்தாரு. அப்பா கொண்டுவரல."

"அப்படி இருந்தா அப்பா சொல்லியிருக்க மாட்டாரா? பதினொரு நாள் என் மடியில கிடந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல. சொன்னது ஒண்ணே ஒண்ணு, அதுவும் உன்னைப் பத்தி."

சீறிக்கொண்டே இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதைச் சொன்னால் அவன் நிறுத்துவான். இதைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. இருபது வருட மௌனத்துக்கு மருந்தாக வந்த ஒற்றை வாக்கியம், தட்டுக் கழுவும்போது ஒருதரம் சொல்லிப் பார்க்கிற அந்த வாக்கியம், இனி இல்லை.

"என்னைப் பத்தி இல்லடா," என்றாள்.

"என்ன?"

"அப்பா சொன்னது என்னைப் பத்தி இல்ல. துப்பாக்கியைத்தான் அவங்க பாப்பான்னு சொல்லுவாங்களாம். தூங்கலன்னா குண்டு இருக்குன்னு அர்த்தமாம். பாப்பா இன்னும் தூங்கல, பாத்து. யாரு கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு? நினைச்சுப் பாரு. உன் கையை. உன்கிட்டதான்டா சொன்னாரு. நான் குறுக்கே வந்து வாங்கிக்கிட்டேன்."

சீறல். சீறல். சீறல்.

நின்றது.



"வெளிய வா," என்றாள். "கீழ வைக்கிறேன்னு தொடாதே. அப்படியே விட்டுட்டு வா. பஞ்சர் அண்ணனையும் இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வா."

காத்திருப்பில் இருந்த மாமாவையும் தம்பியையும் ஒரே இணைப்பில் சேர்த்தாள். எவ்வளவு நேரம் சூடு காட்டினாய் என்று மாமா கேட்டார். இப்போதுதான் ஆரம்பித்தேன் என்றான். ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, துப்பாக்கிக் கடைக்காரரையும் போலீஸையும் கூப்பிடு என்றார் மாமா. அந்த இரண்டு அழைப்பையும் அவளே போட்டுக் கொடுத்தாள். நடுநடுவே மஞ்சள் எரிந்தது, பச்சை எரிந்தது. ஸ்கேன் அறைக்கு, ரத்த வங்கிக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்கு. எல்லோருக்கும் வழக்கமான குரலில் பதில் சொன்னாள். கன்னத்தில் வழிந்துகொண்டிருந்ததைத் துடைக்க மட்டும் கை ஒழியவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி வரும்போது அந்த இணைப்பில் ஆண்கள் இருவரும் காத்திருந்தார்கள். பட்டறைக்குள்ளிருந்து வெடிச் சத்தம் வருகிறதா என்று மூன்று பேரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா," என்றான் தம்பி கடைசியில். "அதுக்கு எதுக்கு மாமா பாப்பான்னு பேர் வச்சீங்க?"

"எங்க வச்சோம்? தானா வந்துச்சு. அதுக்கு முன்னாடி 'கட்டை'ன்னுதான் சொல்லுவோம். உங்க அக்கா பொறந்தா பாரு, மூணு மாசம் கண்ணை மூடல. விடிய விடிய அழுகை. உங்க அப்பன் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து நடந்து, காவலுக்கு வந்து நின்னுக்கிட்டே தூங்குவான். 'என்ன, பாப்பா இன்னும் தூங்கலையா'ன்னு நாங்க கேலி பண்ணுவோம். அவனுக்கு அதுல ஒரு பெருமை. பாப்பா முழிச்சிருக்கா, எவனும் சத்தம் போடாதேம்பான். அப்படியே துப்பாக்கிக்கும் ஒட்டிக்கிச்சு. கல்யாணம் கலைஞ்ச பிறகு வீட்டுல அந்தப் பேரை விட்டுட்டானாமே? காட்டுல விடல. கடைசிவரைக்கும் காவல் நின்ன ராத்திரியெல்லாம் நூறு தடவை சொன்னான்."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் எடுக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஓர் அழைப்பு நான்கு முறை மணி அடிக்கும்வரை காத்திருந்தது.

இரண்டு மணிக்கு மாற்று ஆள் வந்ததும் வண்டி பிடித்துப் பட்டறைக்குப் போனாள். வாசலில் கயிறு கட்டியிருந்தது. ஒரு போலீஸ்காரர் எல்லோரையும் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார். பஞ்சர்காரர், தான் லாரிக்குக் குறுக்கே பாய்ந்த கதையைக் கூட்டத்துக்கு ஐந்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

உள்ளே துப்பாக்கிக் கடைக்காரர், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் விட்டுவிட்டு மரச் சுத்தியலால் பூப்போலத் தட்டிக்கொண்டிருந்தார். டொக். டொக். அக்காவும் தம்பியும் சாலைக்கு இந்தப் பக்கம் அருகருகே நின்றார்கள். ஒவ்வொரு டொக்குக்கும் தம்பியின் தோள் குலுங்கியது.

மூன்று மணிக்குச் சற்று முன் அது திறந்துகொண்டது.

கடைக்காரர் வெளியே வந்து உள்ளங்கையை விரித்தார். இரண்டு தோட்டா. ஒன்று சுட்டு முடிந்த வெறும் கூடு. இன்னொன்று பின்பக்கம் பச்சை பூத்து, முழுசாக இருந்தது.

"ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு முழிச்சிருக்கு," என்றார் அவர். விஷயம் எதுவும் தெரியாமல்தான் சொன்னார். "இன்னும் ரெண்டு நிமிஷம் தீ காட்டியிருந்தா, சார், நீங்க இல்ல."

முறையாக அடைத்துச் சான்று எழுதித் தருகிறேன், திங்கட்கிழமை காட்டுகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். போலீஸ்காரரும் தலையாட்டினார். தம்பி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த முழுத் தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் மணிக்கட்டை மெல்லத் தடவினான்.

"இங்கதான்க்கா பிடிச்சாரு," என்றான். "நகம் பதிஞ்சுது. உன்னைப் பாத்துக்கச் சொல்றாருன்னு நினைச்சேன். எனக்குன்னு ஒரு வார்த்தை இல்லையேன்னு நான்... ஒன்பது வருஷம்க்கா..."

கூட்டத்துக்கு நடுவே ஐம்பது வயது மனிதன் சின்னப் பையனைப்போல விசும்பினான். அவள் அவன் கையைப் பிடித்தாள். அப்பா பிடித்த அதே இடம்.

"சேதியைத் தப்பான ஆளு வாங்கிட்டா, சரியான ஆளுக்குக் குடுக்கணும். அதான் என் வேலை," என்றாள். "பாப்பா இன்னும் தூங்கல. பாத்து. அப்பா உனக்குச் சொன்னது. திருப்பிச் சொல்லு."

அவன் சொன்னான். பாதியில் உடைந்தது. மறுபடி சொன்னான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஒன்பது வருஷமா உன் குழாயை நான் சும்மாவா ரிப்பேர் பண்ணினேன்?" என்றான்.

"சும்மாதான். இன்னும் ஒழுகுது. வந்து பாரு."

அவன் சிரித்துவிட்டான். அவளும்தான். பஞ்சர்காரருக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

பட்டறையின் மூலையில் பலகைத் தடுப்பு போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி. துப்பாக்கியைக் கொண்டுபோகக் கடைக்காரர் வண்டி எடுத்துவரப் போயிருந்தார். காலியான துப்பாக்கியைத் தம்பி அங்கே கொண்டுவந்து, செம்புக் கம்பி சுற்றிய கழுத்தை மேல்துண்டால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தான். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான். சொம்போடு திரும்பி வருவதற்குள் அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நாற்காலியில் கண்ணசந்தே பழக்கமில்லாதவள், வாய் லேசாகத் திறக்க, குழந்தையைப்போல உறங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ ஒரு கம்பியைத் தடாலென்று போட்டார்கள். தம்பி பாய்ந்து போய் உதட்டில் விரலை வைத்தான். அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. இந்தத் தடவை சட்டை அவன் உடம்பில் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

ஜீப் மாமா. குரலில் இன்னும் பதைப்பு அடங்கவில்லை.

"என்னப்பா ஆச்சு? பாப்பா தூங்கிடுச்சா?"

தம்பி சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"ரெண்டும் தூங்கிடுச்சு மாமா. நீங்க ஜீப்பை எடுக்கலாம்."